நாற்காலி ஒன்றின் கண் வயது

மகுடேஸ்வரன் வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி வருவதற்கு முன்னால் ஒரு வித்தையைப் பார்த்தாக வேண்டும். வந்தவரை ஹாலில் உட்காரவைப்பார். மனைவி சுகந்தியை அவளுடைய நாற்காலியில் உட்காரச் சொல்வார். பிறகு தான் மட்டும் வெளியே போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, சுவாமி புறப்பாடு மாதிரி மெல்ல நடந்து உள்ளே வருவார். அவர் வந்த சில நொடிகளில் சுகந்தியின் தலைக்கு மேல் இருக்கும் விளக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசமாகும்.

"பாத்தீங்களா? வீட்டுக்காரன் உள்ள வந்தா வீட்டுக்காரி மேல வெளிச்சம் வருது. சுவிட்ச் கிவிட்ச் எதுமே போடலீங்க. அதுவா வருது."

விருந்தாளிகள் கை தட்டுவார்கள். அடுத்தது காரணம். ஓர் அறையில் இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்கு மேஜை மேல் விழும் வெளிச்சம் மட்டும் போதாது, முகத்தின் மேலும் விழ வேண்டும், அதற்காகத்தான் விளக்கு ஏறுகிறது என்பார். அந்த விதியை எழுதியவரே அவர்தான். அதனால் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

கோயம்புத்தூரில் முப்பது வருஷமாகக் கட்டடங்களுக்கு வெளிச்சம் வடிவமைப்பவர் மகுடேஸ்வரன். கல்யாண மண்டபத்தில் சாப்பிட உட்கார்ந்தால் இலையைப் பார்க்க மாட்டார், அண்ணாந்து விளக்கைப் பார்ப்பார். "கண்ணு கூசுது, எவன் போட்டான் இத" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார். பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் பெண்ணின் மாமாவாக இருப்பார்.

அவர் காலத்துக்கு முன்பு எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே கணக்குதான். படிக்கும் மேஜைக்கு முந்நூறு லக்ஸ், நடைவழிக்கு நூறு. லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு. ஆனால் அறுபது வயதுக் கண்ணுக்குள் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். பேரனுக்கும் தாத்தாவுக்கும் ஒரே முந்நூறைக் கொடுப்பது என்ன நியாயம் என்று கேட்டார் மகுடேஸ்வரன். பத்து வருஷம் விடாமல் கேட்டதில் புதிய நெறிமுறை வந்தது, அதன் குழுவுக்கு அவரே தலைவரும் ஆனார். இப்போது ஒவ்வொரு விளக்கும் தனக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரின் கண்ணைப் பார்க்கும், அந்தக் கண்ணுக்கு என்ன வயது என்று கணக்குப் போடும், அதற்குத் தகுந்த வெளிச்சத்தைத் தரும். இளங்கண்ணுக்குக் குறைவு, முதிய கண்ணுக்கு அதிகம்.

நல்ல காரியம்தான். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணை விட்டுவிட்டு அவள் தலைக்கு மேலே பார்த்தார்கள். நேர்முகத் தேர்வுக்குப் போன நாற்பது வயதுக்காரர்கள் விளக்கு காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயந்தார்கள். இதற்கெல்லாம் மகுடேஸ்வரன் ஒரு பாதுகாப்பு வைத்திருந்தார். விளக்கு யாருடைய பெயரையும் முகத்தையும் பதிந்துகொள்ளக் கூடாது. கால் மணிக்கு ஒரு தடவை இந்த நாற்காலி, இன்ன கண் வயது, இத்தனை லக்ஸ் என்று மட்டும் எழுதி வைக்கலாம். "வெளிச்சம் போடற சாமான் வேவு பாக்கக் கூடாதுங்க" என்று குழுவில் மேஜையைத் தட்டிச் சொன்னவர் அவர்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, கண் வயது ஐம்பத்தொன்று. சுகந்திக்கு வயது ஐம்பத்து நாலு, கண் வயதோ அறுபத்து மூன்று. அந்தக் கணக்கு வந்த நாளிலிருந்து அவளை "அக்கா" என்று கூப்பிட்டுக் கேலி செய்தார். முதல் வாரம் அவளும் சிரித்தாள்.

ஒரு திங்கட்கிழமை பீளமேட்டில் அலுவலகத்தில் உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். மாதிரிக்கு ஒரு வீட்டின் பதிவு வேண்டியிருந்தது. யார் வீட்டையோ கேட்டு நிற்பானேன் என்று தன் வீட்டுப் பதிவையே திறந்தார்.

நாற்காலி ஒன்று, பிற்பகல் மூன்று மணி முதல் நாலரை வரை, கண் வயது முப்பத்தொன்று.

நாற்காலி ஒன்று அவருடையது. சாய்ந்துகொள்ளும் தேக்கு நாற்காலி. ஹாலிலேயே நல்ல வெளிச்சம் விழும் இடம் எதுவென்று அளந்து பார்த்து அங்கே போட்டிருந்தார். அதில் வேறு யாரும் உட்காருவது கிடையாது, பூனாவிலிருந்து மகள் வந்தால்கூட அவள் சோபாவில்தான்.

முந்தின வாரத்தைப் பார்த்தார். திங்கள் முப்பத்திரண்டு, செவ்வாய் முப்பத்தொன்று, புதன் முப்பது. வெள்ளி வரை அதே நேரம், அதே நாற்காலி. சனி, ஞாயிறு அவர் வீட்டில் இருக்கும் நாட்கள். அந்த இரண்டு நாளும் மூன்று மணிக்கு அவருடைய ஐம்பத்தொன்றுதான். அந்த ஒன்றரை மணி நேரமும் சுகந்தியின் நாற்காலி காலியாக இருந்தது.

அப்படியானால் அவள் எங்கே இருந்தாள்? வந்தவனுக்குப் பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தாளா? கீழே, தரையில் உட்கார்ந்திருந்தாளா? தரைக்குக் கணக்கு கிடையாது. தன் நாற்காலியில், தான் அளந்து போட்ட வெளிச்சத்தில், முப்பத்தொரு வயதுக்காரன் ஒருவன் காலை நீட்டிச் சாய்ந்திருக்கிறான். அவருக்கு முதலில் கோபம் வந்தது அந்தச் சாய்வின் மேல்தான். சுகந்தியின் மேல் வருவதற்கு இரண்டு நிமிஷம் ஆனது. வந்த பிறகு போகவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் நாற்காலியை ஆராய்ந்தார். வலது கைப்பிடியில் வெள்ளையாக மெல்லிய பொடி ஒட்டியிருந்தது. விரலால் எடுத்து மோந்தார். வாசனையே இல்லை. வாசனையில்லாத பவுடர் பூசுகிறவன், நாசூக்கானவன் போலிருக்கிறது. சுகந்தி முகத்துக்குப் பவுடர் போட்டு அவர் பார்த்ததில்லை. கடைசியாக எப்போது அவள் முகத்தை நன்றாகப் பார்த்தோம் என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை.

"என்னங்க மோந்து பாக்கறீங்க?" என்றாள் சுகந்தி, சமையலறை வாசலில் நின்று.

"ஒண்ணுமில்ல. தூசி."

"தொடச்சுடறேனுங்க" என்று அவள் சற்று வேகமாகவே வந்து துடைத்தாள். அந்த வேகத்தை அவர் குறித்துக்கொண்டார்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். அடுத்த நாளிலிருந்து அவருக்கு அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்த ஆண்கள் எல்லாரும் முப்பத்தொரு வயதாகத் தெரிந்தார்கள். கூரியர்காரன், லிஃப்ட் பழுதுபார்ப்பவன், சங்கச் செயலாளரின் மருமகன். ஆனால் அதிகம் சந்தேகப்பட்டது மேல்மாடி ஜோயலைத்தான். நாகர்கோவில் பையன், வயது இருபத்தொன்பது, கல்யாணமாகவில்லை, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான், சுகந்தியைப் பார்த்தால் "ஆன்ட்டி" என்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். இத்தனை தகுதிகள் ஒருவனுக்குப் போதாதா?

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு விளக்குப் பொறியாளன் என்ன செய்வானோ அதைச் செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஜோயலைக் காப்பிக்குக் கூப்பிட்டார்.

"இதுல உக்காருங்க தம்பி" என்று தன் தேக்கு நாற்காலியைக் காட்டினார். காப்பி கொண்டுவந்த சுகந்தி அப்படியே நின்றுவிட்டாள். முப்பது வருஷத்தில் அவர் அந்த நாற்காலியை யாருக்கும் கொடுத்து அவள் பார்த்ததில்லை.

பதிவு கால் மணிக்கு ஒரு தடவைதான் விழும். அது வரைக்கும் அவனை எழுந்திருக்க விடக் கூடாது. அதனால் மகுடேஸ்வரன் பேசினார். கண்கூச்சம் ஏன் வருகிறது, ஜன்னலுக்கு எதிரே டி.வி. வைக்கிறவர்கள் எப்பேர்ப்பட்ட மூடர்கள், மஞ்சள் வெளிச்சத்துக்கும் வெள்ளை வெளிச்சத்துக்கும் என்ன வித்தியாசம், எல்லாம் சொன்னார். ஜோயல் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தான்.

"நான் கிளம்பட்டா அங்கிள்? ஒரு மீட்டிங் உண்டு."

"ஞாயித்துக்கெழம என்ன மீட்டிங்? உக்காருங்க, நிழல் பத்திச் சொல்லவே இல்லியே."

பதிவு விழுந்தது. கண் வயது நாற்பத்து மூன்று.

மகுடேஸ்வரன் ஏமாந்து போனார். இருபத்தொன்பது வயதுப் பையனுக்கு நாற்பத்து மூன்றா? ராப்பகலாகத் திரையைப் பார்த்தால் அப்படித்தான் ஆகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அவன் இல்லை. சரி, அப்படியென்றால் எவன்? ஆள் யாரென்று தெரிந்திருந்தால் அந்த ஒருவனை மட்டும் வெறுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். பெயரைப் பதியக் கூடாது என்று மேஜையைத் தட்டிய கையை அன்று முதல்முறையாக நொந்துகொண்டார்.

வியாழக்கிழமை இரண்டரை மணிக்கு அலுவலகத்திலிருந்து கிளம்பினார். லிஃப்டில் ஏறினால் சத்தம் கேட்கும் என்று மூன்று மாடியையும் படியில் ஏறினார். கதவுக்கு வெளியே நின்று மூச்சு வாங்கியபடி காதைக் கொடுத்தார்.

உள்ளே சுகந்தியின் குரல் கேட்டது. "டேய், ஏமாத்தாத. அது என்ற காயி, உன்றது இல்ல." அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதில்லை, தொண்டையைத் திறந்து சிரிக்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவளிடம் இருந்தது அவருக்கு மறந்தே போயிருந்தது. அது வேறு எவனுக்கோ கிடைக்கிறது என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. இனி இந்த வீட்டில் தனக்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே சாவியைப் போட்டுத் திறந்தார்.

தேக்கு நாற்காலியில் சுகந்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் டீப்பாய் மேல் ஒரு கேரம் போர்டு. போர்டு முழுக்க வெள்ளைப் பொடி, அவள் விரல்களிலும் பொடி. தலைக்கு மேல் விளக்கு மிகக் குறைவாக எரிந்தது. போர்டையும் அவள் கைகளையும் மட்டும் தொட்டுக்கொண்டு, சுற்றிலும் அரையிருட்டாக விட்டிருந்தது.

வேறு யாரும் இல்லை. மகுடேஸ்வரன் பால்கனியைப் பார்த்தார். குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தார். திரைச்சீலையைக்கூட விலக்கிப் பார்த்தார்.

"என்னங்க தேடறீங்க?"

"யாரு?"

"யாருன்னா?"

"டேய்னு யாரச் சொன்ன?"

சுகந்தி இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "இவனத்தானுங்க. வலது கை வெள்ளக் காயி, இடது கை கறுப்பு. இவன் கொஞ்சம் தப்பாட்டம் ஆடறவன்."

காலேஜில் மாவட்ட அளவில் கேரம் ஆடியவள் அவள். கல்யாணமான புதிதில் ஒருநாள் ஆடியபோது, அந்தச் சத்தம் தலைவலி என்று மகுடேஸ்வரன் சொன்னார். அவர் சொன்னது அவருக்கு நினைவில்லை. அவள் போர்டைத் தூக்கி அலமாரிக்குப் பின்னால் வைத்தது அவளுக்கு நினைவிருந்தது.

"நீங்க இல்லாதப்பதானே ஆடறேன்" என்றாள். "உங்க நாற்காலிதான் போர்டுக்கு ஒசரம் சரியா இருக்குது. வேண்டாம்னா எந்திரிச்சுக்கறனுங்க."

"அட, உக்காரு உக்காரு" என்றார் மகுடேஸ்வரன். சிரித்தார். யாரும் இல்லை! எவனும் இல்லை! பத்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த முப்பத்தொரு வயதுக்காரன் எழுந்து போய்விட்டான். சுகந்தியின் தலைக்கு மேல் விளக்கு வழக்கம்போல ஏறிப் பிரகாசமாகிக்கொண்டிருந்தது. அதையும் அவர் தனக்கான வரவேற்பாகவே எடுத்துக்கொண்டார். அன்று வாழைக்காய் பஜ்ஜி போடச் சொல்லி எட்டுச் சாப்பிட்டார்.

சந்தோஷம் ராத்திரியோடு சரி. காலையில் எழுந்ததும் பொறியாளர் எழுந்துவிட்டார். அறுபத்து மூன்று வயதுக் கண்ணை முப்பத்தொன்று என்று எழுதுகிறதென்றால் விளக்கில் பெரிய பிசகு இருக்கிறது. நாடு முழுக்க அதே விளக்குத்தான். அன்று மத்தியானமே டாக்டர் பெனாசிரைப் பார்க்கப் போனார். கோயம்புத்தூர் ராமநாதபுரத்தில் கண் மருத்துவமனை வைத்திருப்பவர், குழுவில் இருக்கும் ஒரே மருத்துவர்.

டாக்டர் பதிவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "விளக்குல பிசகு இல்லீங்க சார்."

"அம்பத்து நாலு வயசுப் பொம்பளைக்கு முப்பத்தொண்ணுன்னு காட்டுதுங்களே டாக்டர்?"

"விளக்கு கண்ணு வயச எத வெச்சுக் கணக்குப் போடுது? கண்ணு நடுவுல இருக்கற கறுப்பு வட்டம், கண்மணி. வயசாக ஆக அது சின்னதாகும். பெருசா இருந்தா இளங்கண்ணு, சின்னதா இருந்தா வயசான கண்ணு. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். ஆனா கண்மணி வயசுக்கு மட்டும் அசையாதுங்க, மனசுக்கும் அசையும். புடிச்ச காரியம் செஞ்சா விரியும். புடிச்ச ஆளப் பாத்தா விரியும். சோர்ந்து போனா, சலிச்சுப் போனா சுருங்கும்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மூணு வருஷம் முந்தி இதப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுத்தேன். 'கட்டடத்துக்கு எதுக்குங்க மனசு'ன்னு நீங்கதான் அடிச்சு உட்டீங்க."

மகுடேஸ்வரன் பதிவைத் தன் பக்கம் திருப்பி மறுபடி பார்த்தார்.

"எங்கிட்ட வர்ற பேஷண்ட் எத்தன பேரு தெரியுங்களா? 'வீட்டுல இருந்தா கண்ணு வயசு கூடிப் போகுது டாக்டர், அம்மா வீட்டுக்குப் போனா கொறையுது'ங்கறாங்க. 'ஆபீஸ்ல அந்த மேனேஜர் ரூம்ல மட்டும் எனக்கு அறுபது காட்டுது'ங்கறாங்க. குழுவுக்கு எழுதினா, மெஷின் பிசகுன்னு உங்க கையெழுத்தோட பதில் வருது. அவங்களும் சொட்டு மருந்து வாங்கிட்டுப் போறாங்க. இது யார் வீட்டுப் பதிவுங்க?"

"தெரிஞ்சவங்க" என்றார் மகுடேஸ்வரன். கொஞ்சம் பொறுத்து, "அந்தம்மாவுக்குச் சாயங்காலம் வேற நாற்காலில அறுபத்து மூணு காட்டுது. வீட்டுக்காரர் வந்ததுக்கப்புறம். பயமா இருக்குமோ? கொஞ்சம் கோவக்கார மனுசன்."

அது பயமாக இருக்கட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். பயப்படுகிறவளை இனிமேல் பயப்படாதே என்று சொல்லிச் சரிசெய்துவிடலாம்.

"பயந்தாலும் கண்மணி விரியத்தானுங்க செய்யும்" என்றார் டாக்டர். "இது சுருங்குது."

காரில் திரும்பும்போது அவர் எதையும் கேட்கவில்லை, பார்க்கவில்லை. சிக்னலில் பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. தன் வித்தை. ஹாலில் விருந்தாளி உட்கார்ந்திருப்பார், எதிரே சுகந்தி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். ஏற்கெனவே அங்கே இரண்டு பேர். முகம் பார்த்துப் பேசுவதற்காக விளக்கு ஏறுவதென்றால் அப்போதே அல்லவா ஏறியிருக்க வேண்டும்? அவர் உள்ளே வரும் வரைக்கும் அது ஏன் காத்திருந்தது? விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுந்திருக்கிறார், அதுவும் விருந்தாளிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டி. ஜோயலின் நாற்பத்து மூன்றும் அப்போதுதான் புரிந்தது. பாவம், கால் மணி நேரம் அவனுக்கு அவர் பாடம் நடத்தியிருக்கிறார்.

வீட்டில் மூன்றரை மணிக்குச் சுகந்தி ஆடிக்கொண்டிருந்தாள். நேற்று அனுமதி கிடைத்துவிட்டதால் போர்டை ஒளிக்கவில்லை. அவர் எதிரே சோபாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நானும் ஆடட்டுமா?"

"நீங்களா?" அவள் யோசித்தாள். "சரி, இவனோட காய எடுத்துக்குங்க." இடது கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மகுடேஸ்வரன் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினார். அது ஒரு காயையும் தொடாமல் போய்க் குழியில் விழுந்தது. சுகந்தி அபராதக் காயை எடுத்து நடுவில் வைத்தாள். அவர் போர்டைப் பார்ப்பதுபோல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நூற்றைம்பது லக்ஸ் இருந்திருக்கும் அவர் வந்தபோது. இருநூறு. முந்நூறு. மீட்டர் இல்லாமலே சொல்லிவிடக்கூடிய கண் அவருடையது. நானூற்றைம்பதில் வந்து நின்றது. போர்டு பளபளத்தது. அந்த வெளிச்சத்தில் சுகந்தி பொறுமையாக, மரியாதையாக, அவருக்காக மெதுவாக ஆடினாள்.

அவருக்கு அவளுடைய இடது கையின் மேல் பொறாமையாக இருந்தது. மடியில் சும்மா கிடந்த அந்தக் கையின் மேல் வந்த பொறாமை, முப்பத்தொரு வயதுக்காரன் மேல் வந்ததைவிடப் பெரியதாக இருந்தது. அவனையாவது வீட்டை விட்டு விரட்டியிருக்கலாம்.

"ஒரு போன் பண்ணிட்டு வந்தர்றேன்" என்று எழுந்து பால்கனிக்குப் போனார். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, டாக்டர் பெனாசிருக்கு ஒரு வரி அனுப்பினார். நீங்க மனசப் பத்தி எழுதின அந்தப் பக்கத்த நெறிமுறைல சேருங்க, கையெழுத்துப் போடறேன். இனி நாட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், விளக்கு ஏறினால் என்ன அர்த்தமென்று. அவர் வீட்டுக்கு வந்து கை தட்டியவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். உள்ளே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. முந்நூறு, இருநூறு. சுகந்தி மடியிலிருந்து இடது கையை எடுத்து அதனிடம் ஏதோ சொன்னாள். நூற்றைம்பது. நூற்றிருபது. அவள் நெற்றியிலும் விரல்களிலும் மட்டும் வெளிச்சம் தங்கி, மற்றதெல்லாம் நிழலாக ஒதுங்கிக்கொண்டது. முப்பது வருஷத்தில் அவர் எத்தனையோ ஹோட்டல்களுக்கும் கோவில்களுக்கும் வெளிச்சம் அமைத்திருக்கிறார். இப்படி ஒன்று அவர் கையால் அமைந்ததில்லை. அவர் கதவுக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் போர்டிலிருந்து தலையைத் தூக்காமலே உரக்கக் கேட்டாள். "ஏனுங்க, நீங்க வந்தா லைட்டு ஏறுது, போனா எறங்குது. என்ன கோளாறுன்னு பாக்க ஆள வரச் சொல்றீங்களா?"

"ஆளெல்லாம் வேண்டாம்" என்றார் மகுடேஸ்வரன், கண்ணாடிக்கு வெளியே இருந்தபடி. "நாந்தான் பாக்கோணும்."